டிரெக்ட் குடுக்க வேண்டாம்: கராஜுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு

பிரேக் பெடல் மாற்றுவது சின்ன வேலை என்று சொல்லித்தான் உங்கள் கையில் தருவார்கள். எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை, கியர் பெட்டியை இறக்க வேண்டியதில்லை. நாலைந்து நட், ஒரு பின், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெடலின் மேற்பக்கத்தில் விரல் நுனி அளவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பின்னால் எரியும் சிவப்பு லைட்டும், ஒட்டோ காரில் கியர் தடி பார்க்கிலிருந்து கழர்வதும், பட்டன் கார் ஸ்டார்ட் ஆவதும் அந்தச் சுவிட்சை நம்பித்தான் நடக்கின்றன. பெடலில் கை வைத்தவர் இவை மூன்றிலும் கை வைத்தவர்.

மட்டக்களப்பு கல்லடியிலும் அக்கம்பக்கத்திலும் வேலை பழகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வரிசைப்படி வாசிக்க வேண்டும் என்றில்லை. மூன்றாவதையும் ஐந்தாவதையும் மட்டும் தவற விடாதீர்கள்.

1. ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் கையால் தொட்டுப் பழகுங்கள்.

பெட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டருக்குத் தடித்த கேபிள் ஒன்று நேரே போகும். எஞ்சினைச் சுற்றும்போது 100 அம்பியருக்கு மேல் அதில் ஓடும். அதன் வழியில் எந்தச் சுவிட்சும் இல்லை. அத்தனை கரண்டைச் சின்னச் சுவிட்ச் தாங்காது.

காவல் எல்லாம் இன்னொரு மெல்லிய வயரில் இருக்கிறது. சாவியிலிருந்து அது புறப்பட்டு, வழியில் ஓரிரு சுவிட்சுகளையும் ரிலேயையும் தாண்டி, ஸ்டார்ட்டரின் முதுகில் இருக்கும் சொலனொய்டுக்கு வந்து சேரும். அந்த வயரில் 12 வோல்ட் வந்தால்தான் சொலனொய்டு இழுத்து, தடித்த கேபிளின் கரண்டை மோட்டருக்குள் விடும். ஒட்டோ காரில் அந்த மெல்லிய வயர் கியர் பெட்டியின் பக்கத்தில் உள்ள நியூட்ரல் சுவிட்சால் போகும். தடி பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் அது மூடும். மெனுவல் கார்கள் பலவற்றில் கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு சுவிட்ச். பட்டன் காரில் பிரேக் பெடலின் சுவிட்ச் சொல்வதைக் கேட்டுத்தான் கொம்ப்யூட்டர் ஸ்டார்ட்டருக்கு உத்தரவு கொடுக்கும்.

ஆகவே சாவியைத் திருப்பியும் ‘டக்’ என்ற சத்தம்கூட வராத வாகனத்தில் உடனே ஸ்டார்ட்டரைக் கழற்றப் போகாதீர்கள். டெஸ்ட் லாம்பை எடுத்து, மெல்லிய வயரில் எந்த இடம் வரை வெளிச்சம் வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நல்ல ஸ்டார்ட்டர் மோட்டர்கள் எத்தனையோ இப்படி வீணாகக் கழற்றப்பட்டிருக்கின்றன.

2. இந்தக் காவல் ஏன் வந்தது என்று தெரிந்தவர் அதை அவிழ்க்க மாட்டார்.

லேண்ட்மாஸ்டரைக் கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற ஆட்களைப் படுவான்கரையில் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் எல்லாக் கார்களும் அப்படித்தான். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் சார்ள்ஸ் கெட்டரிங் செய்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மொடல் கடிலாக்கில் வந்தபோது அந்த ஆபத்து நீங்கியது. ஆனால் முன்னால் நின்று கைப்பிடி சுற்றுகிறவர் வாகனம் கியரில் கிடக்கிறதா என்று நூறு முறை பார்ப்பார். மோதினால் அவர் மேல்தானே மோதும்? உள்ளே இருந்து சாவியைத் திருப்புகிறவருக்கு அந்தப் பயம் இல்லை. முன்னால் நிற்பது வேறொருவர்.

இதற்கு ஒரு நல்ல விடை டிராக்டரில் வந்தது. ஹரி பெர்குசனின் சின்னச் சாம்பல் நிற டீ.ஈ.20 டிராக்டர் 1946 முதல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் தயாரானது. அதில் கியர் தடியை ஒரு தனி இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். தடி அங்கே இருக்கும்போது வேறு எந்தக் கியரும் விழுந்திருக்க முடியாது. சுவிட்சும் வயரும் பழுதாகலாம், ஒரே தடி இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இதைவிடச் சுத்தமான காவலை நான் எந்த வாகனத்திலும் கண்டதில்லை.

அமெரிக்காவில் 1968 முதல், ஒட்டோ கியர் முன்னுக்கோ பின்னுக்கோ போகும் நிலையில் இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றக்கூடாது என்று சட்டமே வந்தது. பிறகு 1980களில் ஆடி 5000 கார்கள் தாமாகப் பாய்கின்றன என்று பெரிய குழப்பம். அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகம் 1989இல் வெளியிட்ட ஆய்வில், சாரதிகளின் கால் பிரேக்குக்குப் பதிலாக அக்சிலேட்டரில் விழுந்ததே முக்கிய காரணம் என்று சொன்னது. அந்தக் குழப்பத்துக்குள்தான் பிரேக்கை மிதிக்காமல் தடி பார்க்கை விட்டு வராத பூட்டை ஆடி பொருத்தியது. 1990களில் ஜப்பான் ஒட்டோ கார்களிலும் அது பரவிவிட்டது. நம் ரோட்டில் ஓடும் ஒட்டோ கார்களில் பெரும்பாலானவை அந்தப் பூட்டோடு வந்தவைதான்.

3. ‘டிரெக்ட்’ குடுக்க வேண்டாம்.

கராஜில் நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் பேச்சு இது: “இண்டைக்கு மட்டும் டிரெக்ட் பண்ணித் தாங்க, பிறகு பார்ப்பம்.” கிளட்ச் சுவிட்சின் இரண்டு வயரையும் தோல் உரித்து முறுக்கி, டேப் சுற்றிவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகிவிடும். ஐந்து நிமிட வேலை, வந்தவருக்கும் சந்தோஷம். அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. ஸ்டார்ட் ஆகிற காரை எவரும் சுவிட்ச் மாற்றத் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள்.

அந்தக் கார் அதற்குப் பிறகு எங்கெங்கே போகிறது என்று நினைத்துப் பாருங்கள். நம்மிடம் கொண்டுவந்தவருக்கு டிரெக்ட் கொடுத்தது தெரியும். அவர் மனைவிக்குத் தெரியாது, லைசன்ஸ் எடுத்த புதிதில் ஓட்டும் மகனுக்குத் தெரியாது. அடுத்த வருடம் காத்தான்குடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ அதை வாங்குகிறவருக்கு அறவே தெரியாது. மெனுவல் காரை நிறுத்தும்போது கியரில் போட்டுவிட்டுப் போவது நல்ல பழக்கம் என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். அப்படி முதல் கியரில் வீட்டு முற்றத்தில் நிற்கிறது கார். பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட ஒரு பிள்ளை ஜன்னலால் கையை விட்டுச் சாவியைத் திருப்புகிறது. கிளட்ச் சுவிட்ச் இருந்தால் ஒன்றும் நடக்காது. டிரெக்ட் கொடுத்த காராக இருந்தால் ஸ்டார்ட்டரின் பலத்திலேயே கார் நகரும். எஞ்சின் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. முற்றத்தில் யார் யார் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

சோதித்துப் பார்ப்பதற்காக வயர் வைப்பது வேறு. சுவிட்ச்தான் பழுதா என்று உறுதிப்படுத்த, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, தடியை நியூட்ரலில் விட்டு, இரண்டு முனையையும் ஒரு வயரால் இணைத்துப் பார்க்கலாம். அந்த வயர் சிவப்பு நிறத்தில் ஒரு முழ நீளத்துக்கு இருக்கட்டும். டேஷ்போர்டுக்கு வெளியே தொங்கட்டும். அதை மறந்துவிட்டு எவரும் காரை வெளியே எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். சோதித்து முடிந்ததும் காரை விட்டு எழும்ப முதல் கழற்றிவிடுங்கள்.

அவசரம் என்று வருகிறவர்களுக்குச் சொல்ல வழி இருக்கிறது. ஒட்டோ காரில் தடி பார்க்கில் இறுகிவிட்டால், பெரும்பாலான கார்களில் தடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து உள்ளே அழுத்தினால் பூட்டு விடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பட்டன் வைத்த பல டொயோட்டாக்களில், பிரேக் சுவிட்ச் பழுதாகி எஞ்சின் எடுக்காவிட்டால், ஏசிசி நிலையில் வைத்துப் பிரேக்கை மிதித்தபடி பட்டனை 15 வினாடி அழுத்திப் பிடித்தால் எடுக்கும். காருடன் வரும் புத்தகத்திலேயே இது இருக்கிறது. வீதியில் நின்றுபோன குடும்பம் வீடு சேரவும், கார் கராஜ் வந்து சேரவும் இந்த இரண்டும் போதும்.

சாமான் கிடைக்கவில்லை என்பதும் இப்போது முன்போல் உறுதியான சாட்டு அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025இல் மறுபடி திறக்கும்வரை இருந்ததைக் கட்டிப்பிடித்துத்தான் ஓட்டினோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது சின்னச் சுவிட்ச்கூடக் கைக்கு எட்டாத விலைக்குப் போனது உண்மை. டிரெக்ட் கொடுக்கிற பழக்கம் அந்த வருடங்களில்தான் கூடியது என்பது என் கணிப்பு. இன்றைக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைக்கு ஒரு கோல் எடுத்தால், இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். விடிய மட்டக்களப்பில் இறக்கி எடுக்கலாம். அந்த ஓர் இரவு கார் கராஜில் நிற்கட்டும்.

4. ஸ்டார்ட்டரின் முனைகளுக்குக் குறுக்கே ஸ்க்ரூ ட்ரைவர் வைக்கவே வேண்டாம்.

வெள்ளாண்மைக் காலத்தில் டிராக்டர்களில் இதைச் செய்கிறார்கள். முதலாவதில் சொன்ன மெல்லிய வயரை முற்றாகத் தாண்டி, சொலனொய்டின் முனைகளை இரும்பால் இணைத்தால் ஸ்டார்ட்டர் சுற்றும். கியரில் இருக்கிறதா என்று எந்தச் சுவிட்சும் கேட்காது. மெசி டிராக்டரின் ஸ்டார்ட்டர் எஞ்சினின் பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது. அதற்குக் கை எட்ட வேண்டுமானால் பெரிய பின்சில்லுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். டீசல் எஞ்சின் சூடாக இருந்தால் ஒரு சுற்றிலேயே பிடிக்கும். கியரில் கிடந்தால் அந்தச் சில்லு நிற்கிறவர் மேல் ஏறும். விலகிப் பாய்வதற்கு நேரம் கிடையாது. உலகம் முழுக்க விவசாயிகள் இப்படிச் செத்திருக்கிறார்கள். இதைத் தடுக்கவே பல கம்பனிகள் ஸ்டார்ட்டர் முனைகளுக்கு மூடி போட்டு அனுப்புகின்றன. மூடி இல்லாத டிராக்டர் வந்தால் நீங்களே ஒரு மூடி செய்து போட்டு அனுப்புங்கள்.

5. பெடலில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் குமிழைத் தேடிப் பாருங்கள்.

ஒட்டோ கார் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “ஒவ்வொரு விடியவும் பெட்டரி இறங்குது, புதுப் பெட்டரி போட்டும் சரிவரல்ல” என்கிறார்கள். முதலில் காருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். பிரேக் லைட் எரிந்துகொண்டிருந்தால், முன் கதவைத் திறந்து சாரதியின் கால் விரிப்பைப் பாருங்கள். நீலமாகவோ வெள்ளையாகவோ சிறு துண்டுகள் கிடக்கும். கையில் எடுத்தால் பழைய பிஸ்கட் போல உதிரும்.

நடந்தது இதுதான். பிரேக் சுவிட்சில் ஒரு சின்னத் தண்டு இருக்கிறது. காலை எடுத்ததும் பெடல் மேலே வந்து அந்தத் தண்டை உள்ளே தள்ளும், லைட் அணையும். மிதித்தால் பெடல் விலகும், தண்டு வெளியே வரும், லைட் எரியும். தண்டு வந்து முட்டுகிற இடத்தில் பெடலின் இரும்பில் ஒரு துளை உண்டு. அந்தத் துளையை அடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். பத்துப் பதினைந்து வருட வெயிலில் அது காய்ந்து வெடித்து விழுந்துவிடும். பிறகு பெடல் மேலே வந்தாலும் தண்டு அந்தத் துளைக்குள்ளே புகுந்துவிடும். அதை எவரும் தள்ளுவதில்லை. கால் எப்போதும் பிரேக்கில்தான் இருக்கிறது என்று கார் நம்பும்.

பெட்டரி இறங்குவது இதில் சின்ன நட்டம். பின்னால் வருகிறவருக்கு நாம் எப்போது பிரேக் அடிக்கிறோம் என்று தெரியாது. கால் வைக்காமலே தடி பார்க்கிலிருந்து வந்துவிடும். பட்டன் காரில் கால் வைக்காமலே எஞ்சின் எடுக்கும். காவல் எல்லாம் திறந்து கிடப்பது வெளியே தெரியாது. தேநீர்க் கோப்பை விலைகூட இல்லாத ஒரு குமிழ் இத்தனையையும் செய்கிறது.

இது நம் ஊர்ப் பழைய காருக்கு மட்டும் வருகிற நோய் என்று எண்ணாதீர்கள். 2013இல் ஹுண்டாய், கியா கம்பனிகள் அமெரிக்காவில் மட்டும் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களை இதே பிரேக் சுவிட்சுக்காகத் திருப்பி அழைத்தன. பிரேக் லைட் எரியாமல் போகலாம், பட்டன் ஸ்டார்ட் வேலை செய்யாமல் போகலாம், பார்க் பூட்டு தவறலாம் என்பவைதான் சொல்லப்பட்ட காரணங்கள்.

குமிழைப் புதிதாகப் போடுங்கள். நாணயத்தை ஒட்டுவதும், ஆணித் தலையைச் செருகுவதும், ரப்பர் துண்டைக் கட்டுவதும் வேண்டாம். ஒட்டினது விழுந்தால் பெடலுக்கு அடியில்தான் விழும்.

6. பெடலைக் கழற்ற முதல்:

காரைச் சம தரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நீங்கள் கழற்றப் போவது பிரேக்கை. ஹேண்ட் பிரேக் ஒன்றை மட்டும் நம்பிப் படுக்க வேண்டாம்.

பெட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடமாவது சும்மா இருங்கள். ஸ்டியரிங்குக்குள் எயார்பேக் இருக்கிறது, அதன் மின்சாரம் வடிய நேரம் வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் எந்த கனெக்டரைக் கண்டாலும் அது எயார்பேக்கினுடையது, தொட வேண்டாம். பிரேக் சுவிட்சின் வயரில் சாவி இல்லாமலும் கரண்ட் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சாவியை எடுத்தாயிற்று என்பதற்காக அது செத்த வயர் ஆகாது.

சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடி போட்டுக்கொண்டு படுங்கள். பெடலைத் திருப்பி இழுக்கிற ஸ்பிரிங் முகத்துக்கு நேரே இருக்கிறது, கொக்கி வழுக்கினால் கண்ணுக்குத்தான் வரும். கழற்ற முதல் போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். எந்தத் துளையில் ஸ்பிரிங், பின் எந்தப் பக்கத்தால் போயிருக்கிறது, சுவிட்ச் எத்தனை புரி உள்ளே இருக்கிறது என்று பிறகு மூளையைக் கசக்க வேண்டி வராது.

7. பழையதையும் புதியதையும் சீமெந்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெடல் தண்டின் வளைவு ஒன்றா? பின் துளை ஒரே உயரத்திலா? ஒரே மொடலிலும் ஒட்டோவுக்கு அகலப் பெடல், மெனுவலுக்கு ஒடுங்கிய பெடல். மாறி வந்தால் திருப்பி அனுப்புங்கள். வெடித்த பெடல் தண்டை வெல்டிங் பிடித்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் பிடிப்பதில்லை, நீங்களும் பிடிக்க வேண்டாம். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் குணம் மாறும். அடுத்த வெடிப்பு அதன் ஓரத்தில், ஒருவர் முழுப் பலத்தோடு மிதிக்கிற நேரத்தில் வரும்.

பூஸ்டரிலிருந்து வருகிற தண்டைப் பெடலோடு சேர்க்கும் பின்னுக்குக் கிளிப் புதிதாகப் போடுங்கள். பழைய கிளிப்பை நிமிர்த்தி மறுபடி வளைத்துப் போடுவது வேண்டாம். அது கழர்ந்தால் பெடல் தரையில் போய் விழும், கார் நிற்காது. ஆடும் இடத்துப் புஷ் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். பெடல் பக்கவாட்டில் ஆடினால் சுவிட்சின் தண்டு குமிழின் நடுவில் முட்டாது.

பெடல் ரப்பரை மறக்க வேண்டாம். கல்லடிக் கடற்கரையில் குளித்துவிட்டு ஈரக் காலோடும் மணலோடும் காரில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்! கோடு தேய்ந்த ரப்பரில் ஈரச் செருப்பு வழுக்கினால் பக்கத்தில் இருப்பது அக்சிலேட்டர்.

8. மில்லிமீட்டரில் பிசகினால் பிரேக்கில் பிசகும்.

எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து முறை மிதித்துப் பூஸ்டரில் உள்ள உறிஞ்சலை வெளியேற்றுங்கள். பிறகு விரலால் மெதுவாக அழுத்துங்கள். முதல் எதிர்ப்பு வரும்வரை பெடல் எத்தனை தூரம் போகிறது என்பதுதான் வெற்று ஓட்டம். டொயோட்டா கொரொல்லா போன்ற கார்களில் அது 1 முதல் 6 மி.மீ. வரை இருக்க வேண்டும். உங்கள் கையில் உள்ள காருக்கு எவ்வளவு என்று அதன் புத்தகத்தில் பாருங்கள்.

வெற்று ஓட்டமே இல்லாமல் தண்டை நீட்டி வைத்தால் மிதி இறுக்கமாக இருக்கும். சாரதி அதை நல்ல பிரேக் என்று மெச்சுவார். உள்ளே மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுக்கத் திரும்பி வராது. பிரேக் ஒயில் தாங்கிக்குத் திரும்புகிற சின்னத் துளை அடைபட்டுவிடும். ஓடும்போது ஒயில் சூடாகி விரியும், போக இடமில்லாமல் பிரேக்கைத் தானாகப் பிடிக்கும். கல்முனை போய்ச் சேர முதல் சில்லுகள் கொதிக்கும்.

பிரேக் சுவிட்சை அளவுக்கு மேல் முன்னுக்குத் திருகினாலும் இதே கதைதான். சுவிட்சின் உடம்பே பெடலைக் கொஞ்சம் அழுத்திக்கொண்டு நிற்கும். சுவிட்சின் உடம்புக்கும் குமிழுக்கும் இடையே பல டொயோட்டாக்களில் 0.5 முதல் 2.4 மி.மீ. வரை இடைவெளி கேட்பார்கள். ஃபீலர் கேஜ் இருந்தால் அதை வைத்துப் பாருங்கள்.

9. உப்பு.

கல்லடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டு பக்கக் காற்றிலும் உப்பு இருக்கிறது. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தை எத்தனை முறை சுரண்டிப் பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று இந்த ஊர்க்காரருக்குத் தெரியும். அதே காற்றுத்தான் உங்கள் கனெக்டருக்குள்ளும் போகிறது. செம்பு முனையில் பச்சைக் களிம்பு பிடித்தால் கரண்ட் வரும், ஆனால் முழுதாக வராது. காலையில் எடுக்கிற கார் மத்தியானம் எடுக்காது, கனெக்டரை ஆட்டினால் எடுக்கும். இப்படி ஆட்டி எடுத்த காரைச் சரியாகிவிட்டது என்று கொடுத்து அனுப்ப வேண்டாம். முனையைக் கழற்றி, கனெக்டர் ஸ்பிரே அடித்து, பச்சை ஆழமாகப் போயிருந்தால் முனையையே மாற்றுங்கள்.

வெள்ளம் பார்த்த கார் இன்னும் மோசம். 2011 ஜனவரி வெள்ளத்திலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் கால் விரிப்பு வரை தண்ணீர் நின்ற வாகனங்கள் மாவட்டம் முழுக்க உண்டு. விரிப்பைக் காயவைத்துவிட்டு ஓட்டியிருப்பார்கள். கதவோரப் பிளாஸ்டிக்கைக் கழற்றி அதன் பின்னால் இருக்கும் கனெக்டர்களையும் பூமி வயர் இரும்பில் முறுக்கியிருக்கிற போல்ட்டையும் பாருங்கள். ஸ்டார்ட் கோளாறுகளில் நிறைய அங்கேதான் இருக்கும்.

10. முடித்த வேலையைச் சோதிக்காமல் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

எஞ்சின் நிற்கும்போது பெடலைப் பல முறை மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு எஞ்சினை எடுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இன்னொருவரைப் பின்னால் நிற்க வைத்து, மூன்று பிரேக் லைட்டும் மிதித்ததும் எரிகிறதா, விட்டதும் அணைகிறதா என்று கேளுங்கள். ஆள் இல்லாவிட்டால் சுவரோடு ஒட்டி நிறுத்தி, கண்ணாடியில் சிவப்பு வெளிச்சத்தைப் பாருங்கள்.

அடுத்தது காவல். முன்னும் பின்னும் ஆட்கள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தமாக மிதித்துக்கொண்டு, தடியை ரிவர்ஸில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டர் சுற்றக்கூடாது. டிரைவிலும் சுற்றக்கூடாது. நியூட்ரலில் சுற்ற வேண்டும். பிறகு பார்க்கில் போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துத் தடியை இழுங்கள், வரக்கூடாது. மெனுவலில் கியரை நியூட்ரலில் விட்டுக் கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்புங்கள். கிளட்ச் சுவிட்ச் உள்ள கார் சும்மா இருக்க வேண்டும்.

மாருதி 800, பழைய டொல்பின் வேன் போன்றவற்றில் பெரும்பாலும் அப்படிச் சுவிட்சே இல்லை. அவற்றுக்குச் சாரதியின் பழக்கம்தான் காவல்: தடியை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்து, கிளட்சை மிதித்து, பிறகு சாவி. சாவியைக் கொடுக்கும்போது இதை வாயால் சொல்லிக் கொடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நேரே ஏ4 வீதியில் ஏற வேண்டாம். முதலில் கராஜ் முற்றத்தில் நடை வேகத்தில் நாலு முறை பிரேக் பிடியுங்கள், பிறகு ஆளில்லாத ஒழுங்கை. புதிய பாலத்துக்கு அதன் பிறகு போகலாம்.

11. ஹைபிரிட் காரில் இந்த வேலையைத் தனியாகத் தொடங்க வேண்டாம். பிரியஸ், அக்வா, எக்சியோ ஹைபிரிட் ஆகியவற்றில் பெடலோடு எத்தனை தூரம் மிதித்தீர்கள் என்று அளக்கிற சென்சர் ஒன்று இருக்கிறது. பெடலை மாற்றினால் அதற்குப் பூச்சிய நிலையை ஸ்கேனரால் மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். இவற்றில் நாம் பழகின ஸ்டார்ட்டர் மோட்டரும் இல்லை, அந்தச் சத்தமும் இல்லை. மீட்டரில் ‘ரெடி’ என்ற எழுத்து எரிந்தால் அமைதியாக நிற்கும் கார் ஓடத் தயாராக நிற்கிறது என்று பொருள். அந்தச் சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டேஷ்போர்டுக்குக் கீழே படுக்க வேண்டாம், கராஜின் மறு மூலையில் வையுங்கள். மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் மோட்டார் வாகனப் பயிற்சிக்கு இடம் கிடைத்தால் விடாதீர்கள். வயரிங் படத்தை வாசிக்கத் தெரிந்தவர் கனெக்டரை ஆட்டிப் பார்த்து வேலை செய்யத் தேவையில்லை.

12. பில்லில் எழுதுங்கள்: பெடல் எந்த மொடலிலிருந்து எடுத்தது, சுவிட்ச் புதியதா பழையதா, குமிழ் மாற்றியதா, கிளிப் மாற்றியதா. முன்பு யாரோ கொடுத்த டிரெக்டைக் கண்டு அவிழ்த்திருந்தால் அதையும் எழுதி, காரின் சொந்தக்காரரிடம் அந்த வயர் துண்டைக் காட்டுங்கள். கழற்றின பழைய சாமான்களை ஒரு பையில் போட்டு அவரிடமே கொடுங்கள். ஒரு கிழமை கழித்து காரைக் கொண்டுவரச் சொல்லி, சுவிட்சின் லொக் நட்டையும் வெற்று ஓட்டத்தையும் இன்னொரு முறை பாருங்கள். புதுக் குமிழ் அந்தக் கிழமைக்குள் கொஞ்சம் அமர்ந்திருக்கும், இடைவெளியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டி வரலாம். அதற்குக் காசு வாங்க வேண்டாம்.